தலைகீழ் நர்ஸம்மா

டீக்கடை அம்மா தன் சின்ன மருமகளை அன்று மத்தியான பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாரா மாட்டாரா என்பதில் இரண்டு உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று அந்தப் பெண். இன்னொன்று அவள் வயிற்றில் இருந்தது. அனுப்பச் சொன்னவர் எங்கள் நர்ஸம்மா. முடியாது என்று இடுப்பில் கைவைத்து நின்றவர் டீக்கடை அம்மா. ஊரில் எல்லோரும் மதிக்கும் நர்ஸம்மாவின் சொல்லுக்கு அந்த வீட்டில் மட்டும் மதிப்பு இல்லாமல் போயிருந்தது. அது எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் கைவேலையும் இருக்கிறது.

நர்ஸம்மா எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு வராந்தா, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி ஒரு கழிப்பறை. மேலே தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. நர்ஸம்மா குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை எண்ணுவதற்கு மழை ஓயும்வரை காத்திருப்பார். எதிரே கல் உடைக்கும் ஆலை. காலை எட்டு மணிக்கு அது ஓட ஆரம்பித்தால் மேஜை, நாற்காலி, மாத்திரை டப்பா, எங்கள் புருவம் எல்லாவற்றிலும் மாவைச் சலித்துக் கொட்டியதுபோல் வெள்ளைத் தூசி படிந்துவிடும். அதைத் துடைப்பதுதான் என் வேலை. பதினான்கு வருடமாகத் துடைக்கிறேன். தூசியும் விடுவதாக இல்லை, நானும் விடுவதாக இல்லை. காலையில் வாசலில் ஒரு நிமிடம் நின்று, "இன்னிக்கு இங்க வர்றவங்க எல்லாரும் நல்லபடியா வீடு திரும்பணும் ஆண்டவனே" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டில் சாவியைப் போடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரி நகரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் நாலு மணி நேரம். காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ். அதோடு சரி.

நர்ஸம்மாவிடம் வருகிற பெண்களுக்கு அவர் முகத்தைவிட அவர் கை நன்றாகத் தெரியும். வயிற்றில் கை வைக்கும் முன் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக்கொள்வார். "ஜில்லுனு கை பட்டா உள்ள இருக்கறது மூஞ்சியைத் திருப்பிக்கும்மா" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கை மட்டும் மெல்ல மெல்ல நகரும். "தலை இதோ கீழ இருக்கு. முதுகு இந்தப் பக்கம். இங்க பாரு, காலை நீட்டுது. வெளிய வந்ததும் இது பெரிய சண்டைக்கோழியா இருக்கப்போவுது, உன் புருஷனைத் தயாரா இருக்கச் சொல்லு" என்பார். படுத்திருப்பவள் சிரித்துவிடுவாள். சிரித்தால் வயிறு தளரும், கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அந்த வேடிக்கைப் பேச்சு என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

அவர் வீட்டுக்காரர் மெக்கானிக். ஊரில் அவருக்கு ஸ்பானர் என்று பெயர். ஸ்கேன் மிஷின் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்று நிலையத்து வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "எனக்கும் ஒரு நாள் அதைக் கொடு. உன் மனசுல என்ன இருக்குன்னு பாக்கணும். முப்பது வருஷமாத் தெரியல" என்றார்.

"மனசுல ஒண்ணும் இல்ல. வீட்டுல அரிசி இல்ல. அதை முதல்ல பாருங்க" என்று உள்ளேயிருந்தே பதில் சொன்னார் நர்ஸம்மா.

மிஷின் வந்தது. நான் பீரோ அளவுக்கு ஒன்றை நினைத்து மூலையைக் காலி செய்து வைத்திருந்தேன். வந்ததோ கைக்கு அடக்கமான ஒரு கருவி. டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் பருமன். அதிலிருந்து வால்போல ஒரு வயர் போய் ஒரு டேப்லெட்டில் சேர்கிறது. வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை வைத்தால் டேப்லெட்டில் படம் வருகிறது. அவ்வளவுதான். பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தே அடுத்த ஊருக்குப் போகலாம். ஒரு பெண் டாக்டர் மூன்று நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். நர்ஸம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். அதில் பெரிய எழுத்தில் இரண்டு கோடு போட்டு வைத்த ஒரு விஷயம் உண்டு. கருவியின் ஒரு பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சின்ன மேடு இருக்கிறது. வயிற்றில் நெடுக்காகப் பிடிக்கும்போது அந்த மேடு எப்போதும் தாயின் தலைப் பக்கம் இருக்கவேண்டும். அப்போதுதான் திரையின் இடது பக்கம் மேல் வயிறாகவும் வலது பக்கம் கீழ் வயிறாகவும் தெரியும்.

"மாத்திப் பிடிச்சா மேல இருக்கறது கீழ, கீழ இருக்கறது மேல. ஜாக்கிரதை" என்று டாக்டர் சொன்னார். நானும் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். கேட்டு என்ன, என் கவலை எல்லாம் தூசியில் இருந்தது.

இவ்வளவு அருமையான சாமானில் கல்தூசி படிந்தால் என்ன ஆகும்? ரிமோட்டுக்கு உறை போடாத வீடு உலகத்தில் உண்டா? மகளின் பழைய பூப்போட்ட கவுனை வெட்டி, அந்தக் கருவிக்கு அளவெடுத்து ஓர் உறை தைத்தேன். வயிற்றில் படும் முகம் மட்டும் வெளியே தெரியும். மற்றதெல்லாம் துணிக்குள். கழற்றி மாட்ட வசதியாகப் பக்கத்தில் ஒரு பொத்தான். போட்டுப் பார்த்தபோது பொத்தான் சரியாக அந்த மேட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

நர்ஸம்மா கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அட, இப்ப விரலுக்கு இன்னும் நல்லாத் தெரியுதே. தங்கச்சி, உன் மூளையே மூளை" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. சனிக்கிழமைதோறும் உறையைக் கழற்றித் துவைத்து, காயவைத்து, மறுபடி மாட்டிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை டீக்கடை அம்மா தன் பெரிய மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. நர்ஸம்மா கையைத் தேய்த்துச் சூடாக்கி, கண்ணை மூடி, "தலை கீழ இறங்கியிருக்கு, நல்ல சேதி" என்றார். பிறகு கருவியை வைத்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தலை இடது பக்கம் தெரிந்தது. அப்படியென்றால் தலை மேலே, கால் கீழே. கருவியை எடுத்துவிட்டுக் கையால் பார்த்தார். கை, கீழே என்றது. மறுபடி கருவியை வைத்தார். அது, மேலே என்றது. வெளியே பெஞ்சில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். கால் முன்னால் வரும் குழந்தையை இந்த இரண்டு அறையில் வைத்துக்கொள்ள முடியாது. நர்ஸம்மா ஒரு நிமிடம் யோசித்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கையை நம்பாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

காலை பஸ் போய்விட்டிருந்தது. ஆலையிலிருந்து கிளம்பிய கல் லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டோம். நாலு மணி நேரம் குண்டும் குழியுமான ரோட்டில் மாமியாரும் மருமகளும் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, "தலை கீழதானே இருக்கு. யார் உங்களை அனுப்பினது?" என்றாராம். இரண்டு மணி நேரத்தில் சுகப் பிரசவம். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அதற்கு ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். ஆனால் டீக்கடை அம்மாவுக்கு லாரியில் போன இடுப்பு ஒரு வாரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் கடைக்கு வந்தார். டீக்கடையில் ஒரு செய்தி விழுந்தால் பிறகு செய்தித்தாள் எதற்கு? மூன்று நாளில் எங்கள் நர்ஸம்மா "தலைகீழ் நர்ஸம்மா" ஆகிவிட்டார்.

"நர்ஸம்மா, இந்த டம்ளர் நேரா இருக்கா, கவுந்திருக்கா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார் டீக்கடை அம்மா.

"நேராத்தான் இருக்குக்கா. டீதான் கம்மியா இருக்கு" என்றார் நர்ஸம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நிலையத்துக்கு வந்ததும் கருவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஐந்து வாரம் அதைத் தொடவில்லை.

ஐந்தாவது வாரம், பூட்டி வைத்தாலும் தூசி போகாமலா இருக்கும் என்று நான்தான் நச்சரித்துச் சாவியை வாங்கினேன். உறையைக் கழற்றினேன். பொத்தான் இருந்ததற்கு எதிர்ப் பக்கத்தில் கண் இமையில் வரும் கட்டிபோல் அந்தச் சின்ன மேடு.

"அக்கா, இந்த மேடு பொத்தானுக்குக் கீழதானே இருந்துச்சு? இப்ப எதிர்ப் பக்கம் இருக்கே, நகர்ந்துருச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

நர்ஸம்மா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்து கருவியை வாங்கினார். "அந்த உறையை எப்படிப் போட்டிருந்தியோ அப்படியே போடு" என்றார். போட்டேன். மேடு ஒரு பக்கம் துணிக்குள் ஒளிந்துகொண்டது. பொத்தான் நேர் எதிர்ப் பக்கம் வந்து நின்றது.

ஏதோ ஒரு சனிக்கிழமை துவைத்து மாட்டும்போது நான் திருப்பி மாட்டியிருக்கிறேன். நர்ஸம்மாவின் கட்டைவிரல் பொத்தானைத்தான் மேடு என்று நம்பிப் பிடித்திருக்கிறது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரோ நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அழாத தங்கச்சி! நீ துணி தெச்ச, அவ்வளவுதான். துணிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காம பிடிச்சது நான். இந்தக் கை பொய் சொல்லல பாத்தியா? மிஷினும் பொய் சொல்லல. நடுவுல ஒரு பூப்போட்ட கவுன் புகுந்துருச்சு!"

மறுநாளே டீக்கடைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லி, பெரிய மருமகளிடமும் மன்னிப்புக் கேட்டார். கேட்டதுதான் வம்பாகப் போனது. "கேட்டீங்களா கூத்தை! மிஷின் சட்டை போட்டிருந்துச்சாம். அதனால குழந்தை தலைகீழாத் தெரிஞ்சுதாம்!" என்று டீக்கடை அம்மா அன்று வந்தவர்களுக்கெல்லாம் டீயோடு சேர்த்து அதையும் ஆற்றிக் கொடுத்தார்.

நர்ஸம்மா ஒரு புது நோட்டு வாங்கினார். வருகிற ஒவ்வொருத்திக்கும் முதலில் கையால் பார்த்து, கண்டதை நோட்டில் எழுதுவார். பிறகுதான் உறை இல்லாத கருவியை, மேட்டை மூன்று தடவை விரலால் தடவிப் பார்த்து, வயிற்றில் வைப்பார். அதையும் எழுதுவார். இரண்டும் ஒன்றா என்று பார்ப்பார். நாற்பத்தொரு பெண்கள். நாற்பத்தொன்றிலும் கையும் கருவியும் ஒரே பேச்சுப் பேசின. தூசிக்கு நான் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தேன். வேலை முடிந்ததும் கருவி டப்பாவுக்குள். டப்பாவுக்கு நான் உறை எதுவும் தைக்கவில்லை.

நாற்பத்திரண்டாவதாக வந்தவள்தான் டீக்கடை அம்மாவின் சின்ன மருமகள். எட்டாவது மாதம். புருஷன் லாரி டிரைவர், வண்டியோடு வெகுதூரம் போயிருந்தான். அவள் தனியாக வந்திருந்தாள்.

"அத்தைகிட்ட சத்து மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நாளா லேசா ரத்தம் படுது. வலி எதுவும் இல்ல. அத்தை உடம்புச் சூடுன்னு சொல்றாங்க" என்றாள்.

நர்ஸம்மாவின் முகத்தில் வேடிக்கை எல்லாம் போய்விட்டது. கையைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்தார். "தலை கீழதான் இருக்கு. ஆனா இறங்கல. மிதக்குது" என்று எழுதச் சொன்னார். வழக்கமாக அடுத்து உள்ளே விரல் வைத்துப் பார்க்கக் கையுறை மாட்டுவார். அன்று கையுறை டப்பாவை அவரே தள்ளி வைத்தார். ஒரு செம்பு தண்ணீர் குடிக்கக் கொடுத்து, முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார். "மூத்திரப் பை நிறையட்டும். அதுதான் நமக்கு அடையாளக் கல். அது எந்தப் பக்கம் தெரியுதோ அதுதான் கீழ்ப் பக்கம். யாரும் ஏமாத்த முடியாது" என்றார்.

பிறகு கருவியை வைத்தார். நெடுக்காகப் பார்த்தார், குறுக்காகப் பார்த்தார், மறுபடி நெடுக்காகப் பார்த்தார். எனக்கும் காட்டினார். வலது பக்கம் கறுப்பாகக் குளம்போல மூத்திரப் பை. அதற்குப் பின்னால் கருப்பையின் வாய். அந்த வாயை மூடிக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே மெத்தையைப் போட்டதுபோல், சாம்பல் நிறத்தில் நஞ்சுக்கொடி.

"குழந்தை வர்ற வாசல்ல இது படுத்திருக்கு" என்றார் மெதுவாக. "நான் பழக்கத்துல உள்ள விரலை வெச்சிருந்தேன்னா இப்பவே ரத்தம் கொட்டியிருக்கும். இதை எந்தக் கையாலயும் கண்டுபிடிக்க முடியாது."

நகரத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தார். அந்த டாக்டர்தான் போன தடவை யார் அனுப்பினது என்று கேட்டவர். "இருங்க, படத்தைப் பாக்கறேன்" என்றார். பிறகு, "தெளிவா இருக்கு சிஸ்டர். நூத்துக்கு நூறு சரி. இன்னிக்கே அனுப்புங்க. வலி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார்.

மணி பதினொன்றரை. பஸ் ஒன்றரைக்கு. நான் ஓடிப்போய் டீக்கடை அம்மாவைக் கூட்டி வந்தேன். கையில் டீ வடிகட்டியோடு அப்படியே வந்தார்.

"என்ன, இதுவும் தலைகீழா?" என்றார் வாசலிலேயே.

"இல்லக்கா. தலை நேராத்தான் இருக்கு. நஞ்சு வாசலை அடைச்சிருக்கு. வலி வந்து வாய் திறந்தா நஞ்சு கழண்டுக்கும். குழாயைத் திறந்து விட்ட மாதிரி ரத்தம் போகும். நாலு மணி நேர ரோட்டுல யாராலும் நிறுத்த முடியாது. இப்ப போனா ஆபரேஷன் பண்ணி ரெண்டு பேரையும் எடுத்துக் கொடுத்துருவாங்க."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே. என் இடுப்புக்கு இன்னும் தைலம் தேய்க்கறேன். என் மகன் ஊர்ல இல்ல. ஒண்ணுமில்லாததுக்கு இவ வயித்தைக் கிழிச்சுட்டா அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? மிஷின் இன்னிக்கு என்ன உடுப்புப் போட்டிருக்கு?"

"அத்தை, எனக்குப் பயமா இருக்கு. போயிடலாம் அத்தை" என்றாள் சின்ன மருமகள்.

"நீ சும்மா இரு. எங்க அம்மா ஏழு பெத்தா. எந்த மிஷினைப் பாத்தா?"

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. நான் மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா கோபப்படவில்லை. படுக்கை விரிப்பை உதறிப் போட்டார்.

"அக்கா, என்னை நம்ப வேண்டாம். மிஷினையே சோதிச்சுப் பாத்துருங்க. நீங்க படுங்க."

"நானா? எனக்கென்ன, நான் உண்டாகியா இருக்கேன்?"

வராந்தாவில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பயந்து பின்வாங்குகிற ஆள் இல்லை டீக்கடை அம்மா. வடிகட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். ஜெல் பட்டதும், "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கே" என்று கத்தினார். நர்ஸம்மா அடிவயிற்றில் கருவியை வைத்து டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கறுப்புக் குளம் தெரியுதா? இதுதான் உங்க மூத்திரப் பை. நிறைஞ்சு தளும்புது. காலையிலிருந்து எத்தனை டீ குடிச்சீங்க?"

"அஞ்சு" என்றார் டீக்கடை அம்மா கொஞ்சம் கூச்சத்தோடு.

"இப்பப் பின்னால போயிட்டு வாங்க. வந்ததும் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. நானே பாத்துச் சொல்றேன். தப்பாச் சொன்னா இவளைக் கூட்டிக்கிட்டு நீங்க வீட்டுக்குப் போகலாம். சரியாச் சொன்னா ஒன்றரை பஸ்."

"சரி" என்று எழுந்து போனார். கழிப்பறைக் கதவு சாத்தியது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு படுத்தார். வராந்தாப் பெண்கள் எல்லோரும் கதவுக்கு வந்துவிட்டார்கள். சின்ன மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸம்மா மேட்டைத் தடவிப் பார்த்துக் கருவியை வைத்தார். திரையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. கருவியைச் சாய்த்துப் பார்த்தார். திரையில் அந்தக் கறுப்புக் குளம் முன்பு இருந்த மாதிரியே இருந்தது. போய்விட்டு வந்தவருக்குக் குளம் வற்றியிருக்க வேண்டாமா? கெட்டது குடி, கருவி காலை வாரிவிட்டது என்று நினைத்தேன்.

நர்ஸம்மா கருவியை எடுக்காமலே டீக்கடை அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க போகவே இல்ல."

திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"தண்ணியை மட்டும் ஊத்திட்டு வந்திருக்கீங்க. குளம் அப்படியே இருக்கு. ஒரு சொட்டுக் குறையல."

டீக்கடை அம்மாவின் முகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் வெட்கம் வந்தது. "ஒரு மக் தண்ணிதான் ஊத்தினேன்" என்றார். "இதெப்படி இதுக்குத் தெரிஞ்சுது?"

வராந்தாவில் எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. ஆலைச் சத்தம்கூட அதில் அடங்கிப்போயிற்று. டீக்கடை அம்மாவும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்க அடக்க முடியாமல், "நகருங்கடி, இப்ப நிஜமாவே போகணும்" என்று எழுந்து ஓடினார்.

திரும்பி வந்தவர் வேறு ஆள். மருமகளின் பக்கத்தில் நின்று, "இவ வயித்துல வையி. எனக்கும் காட்டு" என்றார். நர்ஸம்மா காட்டினார். குளம், வாசல், குறுக்கே படுத்திருக்கும் நஞ்சு. டீக்கடை அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். அவர் கை மருமகளின் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"ஆணா பெண்ணான்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"அதை நான் பாக்கவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்."

"வேண்டாம் வேண்டாம். எதுவா இருந்தாலும் முழுசா வரட்டும். பஸ் எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

அதற்குப் பிறகு டீக்கடை அம்மா செய்த அவசரத்தைப் பார்க்கவேண்டுமே. பெரிய மருமகள் கடையைப் பார்த்துக்கொண்டாள். துணிமூட்டை கட்டியாயிற்று. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை எழுப்பிவிட்டு மருமகளை உட்காரவைத்தார். டிரைவரிடம், "பள்ளத்துல இறக்கினே, உனக்கு ஜென்மத்துக்கும் டீ கிடையாது" என்று சொல்லிவிட்டு ஏறினார். நர்ஸம்மா சீட்டைக் கையில் கொடுத்து, "யார் கேட்டாலும் உள்ள விரல் வெச்சுப் பாக்க விடாதீங்க. முதல்ல இதைக் காட்டுங்க" என்று நாலு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரியில் படுக்கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் மறுபடியும் குசுகுசுப்பு. "அங்க சும்மாத்தான் படுத்திருக்காளாம்" என்று ஒருவர் என் காதுபட சொன்னார். நர்ஸம்மாவின் காதிலும் விழுந்தது. "சும்மா படுத்திருக்கறதுதான் அங்க வைத்தியம்" என்று சொல்லிவிட்டு கத்தரிக்கோல்களைக் கொதிநீரில் போட்டார். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் கை செய்யும் வேலையை விட்டுவிடும். அதை நான் பார்த்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் மூன்று மணி. வராந்தாவில் தடுப்பூசிக்கு வந்த தாய்மார்கள். போன் அடித்தது. நர்ஸம்மாவின் கை நிறைய மருந்து. "தங்கச்சி, அதை அமுத்தி மேஜைமேல வை" என்றார். ஸ்பீக்கரில் வைத்தேன்.

டீக்கடை அம்மாவின் அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

"நர்ஸம்மா... காலையில பத்து மணிக்கு... கட்டிலே நனைஞ்சு போச்சு நர்ஸம்மா. நான் கத்தறதுக்குள்ள நாலு பேர் வந்து தள்ளிக்கிட்டு ஓடினாங்க. இருபது நிமிஷம். இருபதே நிமிஷம். டாக்டரம்மா வெளிய வந்து சொன்னாங்க, வீட்டுல இருந்திருந்தா ரெண்டும் இல்லன்னு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்காங்க."

"அக்கா, குழந்தை?" என்றார் நர்ஸம்மா.

"இங்கதான் இருக்கு, என் கையில. கொஞ்சம் பொடிசு. ஆனா சத்தம் கேளுங்க!" போனுக்குள்ளிருந்து ஓர் அழுகை வந்தது பாருங்கள், வராந்தாவில் இருந்த அத்தனை குழந்தைகளும் பதிலுக்கு அழ ஆரம்பித்துவிட்டன. தாய்மார்கள் சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைக்கிறார்கள், ஒருத்தி கை தட்டுகிறாள்.

"அவ எப்படி இருக்கா? அவளைச் சொல்லுங்கக்கா" என்று நர்ஸம்மா சத்தத்துக்கு மேல் கத்தினார்.

போன் கை மாறுகிற சலசலப்பு. பிறகு மெலிந்த ஒரு குரல் வந்தது.

"நர்ஸம்மா, நான்தான் பேசறேன்."

எல்லோரும் மேஜைப் பக்கம் நெருங்கி வந்தோம். குழந்தைகள்கூடக் கேட்பதுபோல் இருந்தது.

"பசிக்குது நர்ஸம்மா. கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன், நாளைக்குத்தான்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

நர்ஸம்மா மருந்துத் தட்டை மேஜையில் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"மாட்டேன்டி கண்ணு. நாளைக்கு வரைக்கும் அடங்கிப் படு" என்றார். "பசிக்குதுன்னு உன் வாயால சொல்லிக் கேக்க வெச்சானே ஆண்டவன், அது போதும் எங்களுக்கு."